போன் சார்ஜ் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

"போன் சார்ஜ் ஏற மாட்டேங்குது" என்ற ஒரே புகாருக்குள் ஏழெட்டுக் கோளாறுகள் ஒளிந்திருக்கும். சார்ஜே ஏறாதது ஒன்று, விட்டு விட்டு ஏறுவது ஒன்று, ராத்திரி முழுக்கப் போட்டாலும் பாதிதான் ஏறுவது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் "பேட்டரி போயிடுச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, புது பேட்டரி போட்ட பிறகும் அதே தொல்லை தொடர்ந்தால்தான் கேபிளைச் சந்தேகப்படுகிறோம். வரிசையே தலைகீழ். பிளக் பாயின்ட், சார்ஜர், கேபிள், போனின் சார்ஜிங் போர்ட் என்று நாலு இடம் தாண்டித்தான் கரன்ட் பேட்டரிக்கு வந்து சேர்கிறது. அந்த நாலும் சரி என்று தெரிந்த பிறகுதான் பேட்டரி மேல் பழி போட வேண்டும்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சார்ஜரையும் கேபிளையும் சேர்த்து மாற்றி, போனில் சார்ஜ் ஏறிவிட்டால், இரண்டில் கெட்டது எது என்று தெரியாமலே போய்விடும். நல்லதைத் தூக்கி எறிந்துவிட்டு, கெட்டதை அலமாரியில் பத்திரமாக வைத்துக்கொள்கிற வீடுகள் ஏராளம். வீட்டில் வேறு யார் போனாவது ஒழுங்காக சார்ஜ் ஏறினால், அந்தச் சார்ஜரும் கேபிளும்தான் உங்களுக்கு அளவுகோல். அவருடைய சார்ஜரில் உங்கள் கேபிள், உங்கள் சார்ஜரில் அவருடைய கேபிள் என்று மாற்றி மாற்றிப் போட்டாலே பத்து நிமிடத்தில் பாதி விடை வந்துவிடும்.

இனி உங்கள் போன் காட்டும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

போன் உப்பியிருக்கிறது

திரையின் ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிறதா? பின்பக்க மூடியில் இடைவெளி விட்டிருக்கிறதா? கவரைக் கழற்றி மேசையில் வைத்தால் போன் ஆடுகிறதா? அப்படியென்றால் கீழே சொல்லும் எந்தச் சோதனையும் உங்களுக்கு வேண்டாம். பேட்டரிக்குள் வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்குங்கள், போனை அணையுங்கள், தீப்பிடிக்கிற பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். அமுக்கிச் சரி செய்யப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது எல்லாம் நேராகத் தீயில் போய் முடியும். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போகும்போது பேட்டரி உப்பியிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சார்ஜ் போட்டும் போனில் ஒரு அசைவும் இல்லை

பேட்டரி அடியோடு தீர்ந்து, சில நாள் அப்படியே கிடந்த போன் என்றால் பதற வேண்டாம். அடியோடு இறங்கிய லித்தியம் பேட்டரிக்குள் போன் முதலில் மிகக் குறைந்த கரன்டைத்தான் விடும். அந்த நேரத்தில் திரையில் எந்தக் குறியும் வராமல் இருக்கலாம். நல்ல சார்ஜரில் மாட்டி அரை மணி நேரம் கையே வைக்காமல் விட்டுவிடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் பவர் பட்டனை அழுத்திப் பார்த்தால், ஏறின கொஞ்ச சார்ஜும் போன் எழப் பார்ப்பதிலேயே கரைந்துவிடும்.

அரை மணிக்குப் பிறகும் எழவில்லையா? வலுக்கட்டாயமாக ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து நொடி பிடிக்க வேண்டும். ஐபோன் 8 முதல் வந்த மாடல்களில் வால்யூம் கூட்டும் பட்டனை ஒரு தட்டு, குறைக்கும் பட்டனை ஒரு தட்டு, பிறகு ஆப்பிள் சின்னம் தெரியும் வரை பக்கவாட்டுப் பட்டனை விடாமல் அழுத்த வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால், வேறொரு போனிலிருந்து அந்த எண்ணுக்கு ஒரு கால் அடியுங்கள். மணி அடித்தாலோ அதிர்ந்தாலோ போன் உயிரோடுதான் இருக்கிறது, போனது திரை. சார்ஜரைத் தேடி அலைந்த நேரம் அத்தனையும் வீண்.

போன் ஓடுகிறது, ஆனால் சார்ஜிங் குறி வரவில்லை

பிளக் பாயின்ட்டில் ஒரு விளக்கையோ வேறு எதையாவதோ மாட்டிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இடையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு மேலே சொன்னபடி சார்ஜர், கேபிள் இரண்டையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாம் மற்ற போனில் வேலை செய்து, உங்கள் போனில் மட்டும் செய்யவில்லை என்றால், அடுத்தது போர்ட்.

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டு மூன்று வருடம் பாக்கெட்டிலும் பையிலும் இருந்த போன் என்றால், போர்ட்டின் அடியில் துணிப் பிசிறும் தூசியும் சேர்ந்து, ஒவ்வொரு முறை கேபிளின் முனையிலுள்ள பின்னைச் செருகும்போதும் அமுங்கி அமுங்கி, கம்பளித் துண்டு மாதிரி கெட்டியாக உட்கார்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் குப்பை என்றே தெரியாது. போர்ட்டின் அடிச்சுவர் அதுதான் என்று தோன்றும். கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. பின்னை முழுதாக அழுத்திச் செருகிய பிறகும் அதன் உலோகப் பகுதி போனுக்கு வெளியே மெல்லிய கோடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்து, பின் உள்ளே போகும்போது "டக்" என்று பிடிக்கிற உணர்வு இருக்கிறதா, லேசாக இழுத்தாலே கழன்று வருகிறதா என்று பாருங்கள். கோடு தெரிந்தாலும், பிடிப்பு இல்லாவிட்டாலும் குப்பை இருக்க வாய்ப்பு அதிகம்.

சுத்தம் செய்ய முதலில் போனை அணையுங்கள். டார்ச் வெளிச்சத்தில் போர்ட்டுக்குள் பாருங்கள். டைப்-சி போர்ட்டின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு தெரியும். மொத்தம் இருக்கும் 24 இணைப்புப் புள்ளிகளும் அந்த நாக்கின் மேலும் கீழும்தான் இருக்கின்றன. அது வளைந்தாலோ ஒடிந்தாலோ போர்ட்டையே மாற்ற வேண்டியதுதான். மரப் பல்குச்சி ஒன்றை எடுத்து, நுனியைப் பிளேடால் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். நாக்குக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் அதை அடி வரை விட்டு, சுவரை ஒட்டியபடி வெளியே இழுங்கள். உள்ளே தள்ளக் கூடாது, கிளறக் கூடாது. அடியிலிருந்து வாரி வெளியே கொண்டு வர வேண்டும். முதல் இரண்டு இழுப்பில் ஒன்றும் வராது. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை வரும். அத்தனை சின்ன ஓட்டைக்குள் இவ்வளவா என்று தோன்றும். மேல் சந்து, கீழ் சந்து இரண்டையும் பாருங்கள். பழைய ஐபோன்களின் லைட்னிங் போர்ட்டில் நடுவில் நாக்கு கிடையாது என்பதால் வேலை இன்னும் சுலபம்.

ஊசி, ஊக்கு, சிம் எடுக்கும் கம்பி எதுவும் உள்ளே போகக் கூடாது. உலோகம் இரண்டு புள்ளிகளை ஒன்றாகத் தொட்டால் ஷார்ட் ஆகும், நாக்கையும் கீறிவிடும். வாயால் ஊதுவதும் வேண்டாம். எச்சில் ஈரம் போய்க் குப்பையோடு ஒட்டிக்கொள்ளும்.

சார்ஜ் ஏறவில்லை என்று வரும் போன்களில் கணிசமானவை இந்த ஒரு பல்குச்சியோடு தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். கடைக்குப் போகும் முன் இதைச் செய்யாமல் போகவே போகாதீர்கள்.

ஒரு பக்கமாகச் செருகினால் ஏறுகிறது, திருப்பிச் செருகினால் இல்லை

டைப்-சி பின்னை எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால், நாக்கின் ஒரு பக்கத்தில் குப்பையோ துருவோ தேய்மானமோ இருக்கிறது. போனும் சார்ஜரும் "நான் மாட்டியாச்சு, கரன்ட் விடு" என்று பேசிக்கொள்ள நாக்கின் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி தனியாக உண்டு. பின் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப இரண்டில் ஒன்றுதான் பயன்படும். அதில் ஒன்று செத்திருக்கும். முதலில் சுத்தம் செய்து பாருங்கள். அதே கேபிளை வேறு போனில் இரண்டு பக்கமும் செருகிப் பார்த்து, அங்கே சரியாக இருந்தால் பழுது உங்கள் போர்ட்டில். அவசரமில்லை, வேலை செய்கிற பக்கத்தை வைத்து ஓட்டலாம். ஆனால் அது நாள்பட நிலைக்கும் என்று நம்ப வேண்டாம்.

விட்டு விட்டு ஏறுகிறது, "டிங் டிங்" என்று சத்தம் வந்துகொண்டே இருக்கிறது

போனை மேசையில் வைத்து, செருகிய பின்னை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையால், பின்னை ஒட்டிய இடத்திலிருந்து ஒரு சாண் வரை ஒயரை மட்டும் மெல்ல வளையுங்கள். பிறகு சார்ஜர் பக்கத்து முனையில் அதையே செய்யுங்கள். ஒயரை வளைக்கும்போது சார்ஜிங் போய்ப் போய் வந்தால், கேபிள் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கழுத்தில், அதாவது பின்னும் ஒயரும் சேரும் இடத்தில்தான் அறும். டேப் சுற்றி ஓட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அறுந்த இழைகள் உரசிச் சூடாகும். தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஒயரை எப்படி வளைத்தாலும் ஒன்றும் ஆகவில்லை, போர்ட்டுக்குள் பின் ஆடும்போது மட்டும் கட் ஆகிறது என்றால் போர்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது அதே குப்பை. சுவரிலிருந்து சார்ஜர் தொங்கிக்கொண்டு, தொட்டால் கட் ஆனால், பிளக் பாயின்ட் தளர்ந்துவிட்டது. அங்கே பொறி வரும், பிளாஸ்டிக் உருகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றும் வரை அந்தப் பாயின்ட்டைத் தொடாதீர்கள்.

ஏறுகிறது, ஆனால் ஆமை வேகம்

சார்ஜரில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். இன்புட் வரியை விட்டுவிட்டு, அவுட்புட் வரியைப் பாருங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் அது வெறும் 5 வாட் சார்ஜர். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 9 வோல்ட் போன்ற இன்னொரு வரியும் இருந்தால்தான் அது ஃபாஸ்ட் சார்ஜர் என்று பொதுவாகச் சொல்லலாம்.

ஒரு கணக்கு. 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி கிட்டத்தட்ட 19 வாட்-மணி பிடிக்கும். 5 வாட் சார்ஜரில் அது முழுதாக நிரம்ப, வீணாவதையும் சேர்த்தால், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். கம்ப்யூட்டரின் பழைய யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட்தான். 3.0 துளை 4.5 வாட். அதில் மாட்டிவிட்டு வீடியோவும் பார்த்தால், உள்ளே வருவதும் வெளியே போவதும் சரிக்குச் சரி. சதவீதம் நின்ற இடத்திலேயே நிற்கும். போன்மேல் தப்பில்லை.

சார்ஜர் பெரியதாக இருந்தும் மெதுவென்றால் மூன்று காரணம் பார்க்கலாம். பல துளைகள் உள்ள சார்ஜர் என்றால், பெட்டியில் போட்ட பெரிய எண் எல்லாத் துளைக்கும் சேர்த்துத்தான். மற்றதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அடுத்து கேபிள்: சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும், 5 ஆம்பியர் போக அதற்குள் அடையாளச் சிப் இருக்க வேண்டும். மூன்றாவது, சில நிறுவனங்களின் 67 வாட், 120 வாட் போன்ற வேகங்கள் அவர்களுடைய சொந்த முறையில் மட்டுமே இயங்கும். வேறு நிறுவனத்தின் 100 வாட் சார்ஜரைக் கொண்டு வந்து மாட்டினாலும் இரண்டுக்கும் பொதுவான குறைந்த வேகத்தில்தான் ஏறும். பெரிய எண்ணைப் பார்த்துச் சார்ஜர் வாங்கி ஏமாறுவது இதனால்தான்.

சூடும் வேகத்தைக் குறைக்கும். போன் சூடேறினால் தானே கரன்டைக் குறைத்துக்கொள்ளும், அளவு மீறினால் நிறுத்தியே விடும். தலையணைக்கு அடியில் வைத்தோ, விளையாடிக்கொண்டோ, ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டோ சார்ஜ் ஏற்றினால் இதுதான் நடக்கும். தடித்த கவரைக் கழற்றிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கடைசி இருபது சதவீதம் மட்டும் மெதுவாக ஏறுகிறது என்றால் அது கோளாறே இல்லை. பேட்டரி நிரம்ப நிரம்பக் கரன்டைக் குறைப்பதுதான் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் முறை.

80 சதவீதத்தில் நின்றுவிடுகிறது

பேட்டரி ஆயுளைக் காக்கப் போன் வேண்டுமென்றே நிறுத்துகிறது. ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், நீங்கள் எழும் நேரம் பார்த்து மிச்சத்தை ஏற்றும் வசதி இருக்கிறது. ஐபோன் 15 முதல் 80-ஓடு நிறுத்தும் அமைப்பும் உண்டு. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் பேட்டரி அமைப்புகளில் இதே போல இருக்கும். பயணம் போகிற அன்று மட்டும் அந்த அமைப்பை அணைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் இருந்துவிட்டுப் போகட்டும்.

போர்ட்டில் ஈரம் இருக்கிறது என்று எச்சரிக்கை

கேபிளை உடனே எடுங்கள். போர்ட் கீழே பார்க்கும்படி போனைப் பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். பிறகு காற்றோட்டமான இடத்தில் குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். முழுதாகக் காய ஒரு நாள்கூட ஆகலாம். ஹேர் டிரையர் சூடு, பஞ்சு, டிஷ்யூ பேப்பர் எதுவும் வேண்டாம். அரிசியில் புதைக்கும் வைத்தியத்தை ஆப்பிள் நிறுவனமே 2024-இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது; அரிசித் துகள் போர்ட்டுக்குள் போய்ப் புதுத் தொல்லை தரும். போனின் முதுகைத் துடைத்துவிட்டு ஒயர்லெஸ் சார்ஜரில் வைக்கலாம்.

தண்ணீரே படவில்லை, நாள் கணக்காக எச்சரிக்கை மட்டும் வருகிறதா? முதலில் வேறு கேபிள். ஈரம் கேபிளின் பின்னிலும் இருக்கலாம். பிறகு ரீஸ்டார்ட், பிறகு பல்குச்சி. அதற்கும் போகவில்லை என்றால் போர்ட்டில் பச்சைத் துரு படிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒழுங்காக ஏறுகிறது, ஆனால் 30 சதவீதம் இருக்கும்போதே அணைந்துவிடுகிறது

இப்போதுதான் பேட்டரியின் முறை. வயதான பேட்டரிக்குள் மின்தடை கூடிவிடும். கேமரா ஃபிளாஷ் அடிப்பது, கேம் தொடங்குவது போல ஒரே மூச்சில் கரன்ட் கேட்கும்போது வோல்ட்டேஜ் சட்டென்று விழும், போன் அணைந்துவிடும். திரும்பச் சார்ஜரில் மாட்டினால் உடனே 25 சதவீதம் காட்டும். குளிரில் இது இன்னும் மோசமாகும். ஐபோனில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பக்கம் 2018 முதல் இருக்கிறது. அதில் 80-க்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டிய காலம். ஐபோன் 14 வரை 500 முழுச் சார்ஜ் சுற்றுக்கும், 15 முதல் 1,000 சுற்றுக்கும் 80 சதவீதம் நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. அடியோடு தீர்த்து மறுபடி நிறைத்தால் பேட்டரி சரியாகும் என்பார்கள். காட்டும் எண் வேண்டுமானால் கொஞ்சம் ஒழுங்காகும். போன சக்தி திரும்பாது.

சார்ஜ் போட்டால் மட்டும் டச் தாறுமாறாக ஓடுகிறது

மட்டமான சார்ஜர். அதிலிருந்து வரும் மின் இரைச்சல் டச் திரையைக் குழப்புகிறது. வேறு சார்ஜரில் சரியாக இருந்தால் பழையதைத் தூக்கி எறியுங்கள். உலோகச் சட்டத்தைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்பது எர்த் இல்லாத நல்ல சார்ஜர்களிலும் வரும். ஷாக் அடிப்பது போலவே இருந்தால் ஒரு நிமிடம்கூட அதை வைத்திருக்கக் கூடாது.

இயர்போன், டிரிம்மர் மட்டும் லேப்டாப் சார்ஜரில் ஏறவில்லை

இரண்டு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறாமல், ஒரு முனை பழைய அகல யூஎஸ்பியாக உள்ள கேபிளில் ஏறினால், பொருள் கெட்டுப்போகவில்லை. டைப்-சி சார்ஜர், எதிரில் ஒரு சாதனம் இருக்கிறது என்று உறுதியான பிறகே கரன்ட் விடும். அதைத் தெரிவிக்க அந்தச் சாதனத்துக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடைத் துண்டு) வைக்க வேண்டும். விலை மலிவான பல பொருள்களில் அதைச் சேர்க்காமல் மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். அகல முனை கேபிளையே வைத்துக்கொள்ளுங்கள். வேறு வைத்தியம் இல்லை.

பவர் பேங்க்கில் இயர்போனைப் போட்டால் அரை நிமிடத்தில் நின்றுவிடுவது வேறு விஷயம். கரன்ட் மிகக் குறைவாக இழுப்பதால், எதுவும் மாட்டவில்லை என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. பல பவர் பேங்க்குகளில் பட்டனை இருமுறை அழுத்தினால் குறைந்த கரன்ட் முறைக்கு மாறும்.

கடையில் கொடுப்பதென்று முடிவானால்

சார்ஜ் மிச்சமிருக்கும்போதே படங்களையும் தொடர்புகளையும் பேக்கப் எடுத்துவிடுங்கள்; முழுக்க அணைந்த பிறகு அதற்கே தனிச் செலவாகும். "சார்ஜ் ஏறல" என்று மட்டும் சொல்லாமல், எந்த கேபிளில், எந்தப் பக்கம், என்ன ஆகிறது என்று சொல்லுங்கள். நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் போர்ட், சப் போர்டு எனப்படும் சின்னத் தனிப் பலகையில் இருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும், மதர்போர்டு வரை போக வேண்டியதில்லை. உங்கள் மாடலில் எப்படி என்று கேட்டுவிட்டே சம்மதியுங்கள். ஒருமுறை திறந்த போனின் தண்ணீர் புகாத தன்மையை நம்ப வேண்டாம்.

சரி செய்த போனைத் திரும்ப வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன் அங்கேயே பின்னை இரண்டு பக்கமும் திருப்பிச் செருகுங்கள். முன்பு வந்த ஃபாஸ்ட் சார்ஜிங் குறி வருகிறதா என்று பாருங்கள். யாருக்காவது ஒரு கால் போட்டு உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்றும் கேளுங்கள். பல போன்களில் கீழ்ப்பக்க மைக்கும் அதே சப் போர்டில்தான் இருக்கிறது.